பேர்போன

ஆறு வருஷத்துக்கு முன்னாடி என்கூட வேலை பார்த்த ஒரு தம்பிக்கு சிபாரிசு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். மேல்படிப்புக்கு அப்ளை பண்ணிட்டு இருந்தான். மூணு வருஷம் பக்கத்து சீட்டுல உக்காந்து பார்த்திருக்கேன், கணக்குல ஒரு சின்னத் தப்பு வந்தாலும் யாரும் கேக்கறதுக்கு முன்னாடி தானே வந்து "அக்கா, நான்தான் தப்பா போட்டுட்டேன்"னு சொல்ற பையன், அவனோட நேர்மையைப் பத்தி ஒரு வரியாவது அழுத்தமா எழுதணும்னு ஆசை. ஃபேமஸ்னு போட்டா சப்புனு இருக்கேன்னு தோணுச்சு. அதனால நேர்மைக்கு 'நொட்டோரியஸ்' ஆனவன்னு எழுதிட்டேன். நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த லிஸ்ட்ல அந்த வார்த்தைக்கு நேரா 'பேர்போன'ன்னு போட்டிருந்துச்சு, அவ்ளோதான் எனக்குத் தெரியும்.

லெட்டரை வாங்கிட்டுப் போனவன் கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தான். எதுவும் சொல்லல. அந்த வார்த்தை மேல விரலை வெச்சுக்கிட்டு நின்னான். அப்புறம் மெதுவா "அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா"ன்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் புரியல, அவன்தான் விளக்கினான், நொட்டோரியஸ்னா கெட்ட விஷயத்துக்குப் பேர் எடுத்தவன்னு. லெட்டரை மாத்திக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன், அவனும் பெருசா எடுத்துக்கல. ஆனா அன்னிக்கு நைட் தூக்கம் வரல. ஒருத்தனைப் புகழணும்னு உக்காந்து எழுதி அவனை வருத்தப்பட வெச்சுட்டேனேன்னு ஒரு பக்கம், ரெண்டாயிரம் வார்த்தை படிச்சேன்னு நம்பிக்கிட்டு இருந்தோமே அதுல இன்னும் எத்தனை வார்த்தை இப்டி இருக்கோன்னு இன்னொரு பக்கம்.

அதுக்கப்புறம் அந்த 'பேர்போன'ங்கற வார்த்தையைப் பத்தி நிறைய யோசிச்சேன். லிஸ்ட் போட்டவரைக் குத்தம் சொல்ல முடியாது. தமிழ்ல பேர்போன டாக்டர்னும் சொல்றோம், பேர்போன திருடன்னும் சொல்றோம், ரெண்டு பக்கமும் போகும் அந்த வார்த்தை. நொட்டோரியஸும் ஒரு காலத்துல அப்டித்தான் இருந்திருக்கு, லத்தீன்ல 'தெரிஞ்ச'ங்கற சொல்லுல இருந்து வந்தது, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு மட்டும்தான் முதல்ல அர்த்தம். போகப்போக கெட்ட பேரோடவே சேர்ந்து சேர்ந்து வந்து, இப்ப அது திருடன் பக்கம் மட்டும்தான் போகும். ஆக நான் படிச்சது தப்பான அர்த்தம் இல்ல, அரை அர்த்தம். தப்பு அர்த்தத்தை யாராவது திருத்திடுவாங்க, அரை அர்த்தம் பத்து வருஷம் நம்மகூடவே சரியான அர்த்தம் மாதிரி நடமாடும்.

அன்னிலேர்ந்து நான் வார்த்தை படிக்கிற விதமே மாறிடுச்சு. அதைத்தான் இங்க எழுதறேன். அட்வான்ஸ்டு வொக்காபுலரி வேணும்னு நிறைய பேர் கேக்கறாங்க, லிஸ்ட் இருந்தா அனுப்புங்கன்னுதான் முதல்ல கேக்கறாங்க, அவங்களுக்காகவும்.

முதல்ல ஒரு பயத்தை இறக்கி வெச்சுடலாம். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட ரெண்டாம் பதிப்பு 1989ல வந்தப்ப 20 வால்யூம், அதைப் பார்த்தா யாருக்கும் மலைப்பாத்தான் இருக்கும், ஆனா நமக்கு அவ்ளோ தேவையே இல்ல. பால் நேஷன்ங்கற மொழியியலாளர் 2006ல கணக்குப் போட்டு சொன்னது, எழுத்துல வர்ற இங்கிலீஷ்ல 98 சதவீத சொற்கள் புரியணும்னா 8000லேர்ந்து 9000 சொற்குடும்பம் தெரிஞ்சா போதும்னு. சொற்குடும்பம்னா டிசைட், டிசிஷன், டிசைசிவ், இன்டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒண்ணுதான். மைக்கேல் வெஸ்ட் 1953ல வெளியிட்ட அடிப்படைப் பட்டியல் சுமார் 2000 சொல், அது ஸ்கூல் முடிச்ச எல்லாருக்கும் கிட்டத்தட்ட தெரிஞ்சிருக்கும். அவெரில் காக்ஸ்ஹெட் 2000ல தொகுத்த கல்வித்துறைச் சொற்கள் 570 குடும்பம், அதையும் காலேஜ் புத்தகம் படிக்கிறவங்க பாதிக்கு மேல பார்த்திருப்பாங்க. கஷ்டம் எங்க ஆரம்பிக்குதுன்னா அதுக்கு மேல இருக்கிற அஞ்சாறாயிரத்துல. ஏன்னா அந்த வார்த்தைகள் அடிக்கடி கண்ணுல படாது, ஒரு தடவை பார்த்தா அடுத்து எப்ப பார்ப்போம்னு தெரியாது, அதனாலதான் எல்லாரும் லிஸ்ட்டுக்கு ஓடறோம், லிஸ்ட்டும் ஒரு வார்த்தைக்கு நேரா ஒரு வார்த்தையைப் போட்டு நடுவுல சமக்குறி வெச்சுக் கொடுத்துடுது. எனக்கு அந்த சமக்குறி மேலதான் கோபம்.

இப்ப நான் ஒரு புது வார்த்தையைப் பார்த்தா முதல்ல அதுக்குள்ள என்ன படம் இருக்குன்னு பார்க்கறேன். உதாரணத்துக்கு டெனேஷியஸ். லிஸ்ட்ல 'உறுதியான'ன்னு இருக்கும். அதைப் படிச்சுட்டு உறுதியான பாலத்துக்கு டெனேஷியஸ் போட்டா தப்பாயிடும். ஆனா உள்ள இருக்கிற லத்தீன் வேர் 'பிடிச்சுக்கறது'. இது தெரிஞ்ச உடனே எனக்கு தமிழ்ல 'விடாப்பிடி' ஞாபகம் வந்துச்சு, அப்டியே அச்சு அசல் அதேதான் டெனேஷியஸ். அப்புறம் அந்த வேரோட மத்த பிள்ளைகளை ஒவ்வொண்ணா தேடினேன். ரீடெய்ன், கையை விட்டுப் போகாம பிடிச்சு வெச்சுக்கறது. டீடெய்ன், ஆளைப் பிடிச்சு வைக்கிறது. டென்யூர், பதவியைப் பிடிச்சிருக்கிற காலம். டெனன்ட், இன்னொருத்தர் இடத்தைத் தன் பிடியில வெச்சிருக்கிறவர். டெனபிள், ஒரு வாதத்துக்குப் பிடிமானம் இருக்கான்னு கேக்கறோமே அது, பிடிமானம் இல்லன்னா அன்டெனபிள். அப்ஸ்டெய்ன், தன்னைத்தானே தள்ளிப் பிடிச்சு நிறுத்திக்கறது. லெஃப்டினன்ட்ல கூட அது ஒளிஞ்சிருக்கு, மேலதிகாரியோட இடத்தைப் பிடிச்சு நிக்கிறவர்.

தமிழ்ல பிடிங்கற ஒரு சொல் எங்கெல்லாம் போகுதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. பிடிவாதம், கடைப்பிடி, கண்டுபிடி, பிடிப்பு, பிடிமானம், சம்பளத்துல பிடித்தம், மனசுக்குப் பிடிச்சது. கையால ஒரு பொருளைப் பிடிக்கிறதுல ஆரம்பிச்சு மனசு வரைக்கும் போயிடுச்சு. லத்தீன்லயும் அதே மாதிரி அந்த ஒரு வேருக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒட்டு போட்டுப் போட்டு வந்த பத்து வார்த்தையை இங்கிலீஷ்காரங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்க. இதை ஒரு தடவை பார்த்துட்டா அந்தப் பத்து வார்த்தையும் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல, ஒரே கொத்து.

இதே மாதிரி எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்னொரு குடும்பம் 'பார்க்கறது'. இன்ஸ்பெக்ட், உள்ள பார்க்கறது. ரெட்ராஸ்பெக்ட், திரும்பிப் பார்க்கறது. பெர்ஸ்பிகேஷியஸ்னு ஒரு பயமுறுத்தற வார்த்தை இருக்கே, அது ஊடுருவிப் பார்க்கிற கூர்மை உள்ளவர், அவ்ளோதான். டிஸ்பைஸ், மேல நின்னுக்கிட்டு கீழ பார்க்கறது, அந்த இளப்பமான பார்வை. சஸ்பிஷியஸ்ல இருக்கிற படம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கண்ணை மட்டும் தூக்கி கீழேர்ந்து மேல பார்க்கறது, நாம 'ஏற இறங்கப் பார்த்தான்'னு சொல்றோமே அதுக்குப் பக்கத்து வீடு. சர்க்கம்ஸ்பெக்ட்ங்கற வார்த்தை எனக்கு மூணு வருஷம் மண்டையில ஏறவே இல்ல, லிஸ்ட்ல 'எச்சரிக்கையான'ன்னு இருந்துச்சு, காஷியஸுக்கும் அதேதான், வேரிங்கற இங்கிலீஷ் வார்த்தைக்கும் அதேதான், விஜிலன்ட்டுக்கும் அதேதான், அப்புறம் எதுக்கு நாலு வார்த்தைன்னு எரிச்சலா வரும். உள்ள பிரிச்சா சுத்திமுத்தி பார்க்கறதுன்னு வருது. 'பகல்ல பக்கம் பார்த்துப் பேசு'ன்னு நம்ம பழமொழி சொல்லுதே, அந்தப் பக்கம் பார்த்துப் பேசறதுதான் சர்க்கம்ஸ்பெக்ட். வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, ஒரு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, யார் இருக்காங்க, என்ன ஆகும்னு சுத்தி ஒரு பார்வை. விஜிலன்ட் வேற, அது கண்ணு மூடாம காவல் காக்கறது, முழிச்சிருக்கிறதுங்கற வேர்லேர்ந்து வந்தது. நாலுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டு வெச்சிருந்தா இந்த வித்தியாசம் எனக்கு எந்த ஜென்மத்துலயும் தெரிஞ்சிருக்காது.

அதே குடும்பத்துல ஆஸ்பிஷியஸும் இருக்கு, சுபமானது. அதுல பாதி பறவை, பாதி பார்க்கறது. பழைய ரோம்ல பறவை எப்டிப் பறக்குதுன்னு பார்த்து காரியம் நல்லா நடக்குமான்னு சொல்றதுக்கே ஆள் வெச்சிருந்தாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, ஏன்னா பழந்தமிழ்ல 'புள்'ளுன்னா பறவை, அதே சொல்லுக்கு சகுனம்னும் அர்த்தம், புறநானூற்றுல அந்த அர்த்தத்துலயே வருது. எங்கேயோ இருக்கிற ரெண்டு மொழி, ரெண்டுமே வானத்துல பறவையைப் பார்த்துட்டு ஒரே மாதிரி யோசிச்சிருக்கு. அதுக்கப்புறம் ஆஸ்பிஷியஸ் எனக்கு மறக்கவே இல்ல.

டான்டலைஸ் தெரியுமா? கிரேக்கக் கதையில டான்டலஸ்னு ஒரு ராஜா, கழுத்தளவு தண்ணியில நிப்பான், குனிஞ்சா தண்ணி வத்திடும், தலைக்கு மேல பழம் தொங்கும், கையைத் தூக்கினா கிளை மேல போயிடும். அது அவனுக்கு சாபம். கிட்டக்கவே காட்டிக்காட்டி கிடைக்க விடாம ஏங்க வைக்கிறதுதான் டான்டலைஸ். 'கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல'ன்னு நம்ம வாயில தினமும் இருக்கிறதுதான். 'ஆசை காட்டு'ன்னு மட்டும் படிச்சிருந்தா அந்த எட்டாத கிளை விட்டுப் போயிருக்கும்.

ஆனா வேர் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சுடும்னு சொல்ல மாட்டேன். அப்டிச் சொல்ற வீடியோ நிறைய வருது, அது உண்மை இல்ல. தொல்காப்பியர் உரியியல்ல 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா'ன்னு ஒரு சூத்திரம் வெச்சிருக்கார், ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்துச்சுங்கற காரணம் பார்த்த உடனே பளிச்சுனு தெரிஞ்சுடாதுன்னு. எவ்ளோ சரியா சொல்லியிருக்கார்னு வார்த்தை படிக்கப் படிக்கத்தான் புரியுது. எனர்வேட்னு ஒரு வார்த்தை, எனர்ஜி மாதிரியே காதுல விழும், உற்சாகப்படுத்தறதுன்னு நம்பி எத்தனையோ பேர் எழுதறாங்க. அர்த்தம் நேர் எதிர். நரம்பை உருவி எடுத்தா எப்டி இருக்கும், அப்டி சத்தெல்லாம் போய் துவண்டு போறது. நாய்சம்ல நாய்ஸ் இல்ல, அது குமட்டற நாத்தம், அனாய்ங்கற வார்த்தையோட சொந்தம். ஃபுல்சம் பாராட்டுன்னா மனசார முழுசா பாராட்டறதுன்னு தோணும், பெரும்பாலும் அளவு மீறின முகஸ்துதிக்குத்தான் சொல்றாங்க, அதனால நன்றி மடல்ல அதை எழுதாம இருக்கிறதே நல்லது. பெடஸ்ட்ரியன்ல இருக்கிற பெட் லத்தீன்ல கால், பீடியாட்ரிக்ஸ்ல இருக்கிறது கிரேக்கத்துல குழந்தை. ஒரே மாதிரி இருக்கேன்னு ரெண்டையும் சேர்த்தா குழந்தை டாக்டர் கால் டாக்டர் ஆயிடுவார். இன்ஃப்ளேமபிள் இன்னும் ஆபத்து, முன்னாடி இருக்கிற 'இன்'னை 'இல்ல'ன்னு எடுத்துக்கிட்டா தீப்பிடிக்காதுன்னு ஆகுது, உண்மையில சட்டுனு தீப்பிடிக்கும்னு அர்த்தம், இதுல தப்பு பண்ணினா மார்க் போறதோட நிக்காது.

இன்னொரு வகை இருக்கு, வேர் ஒண்ணு சொல்லும், வார்த்தை இப்ப வேற எங்கேயோ போய் நிக்கும். இக்ரீஜியஸ்னா மந்தையிலேர்ந்து தனியா தெரியறதுன்னு படம். முதல்ல அது பாராட்டு, ஆயிரத்துல ஒருத்தர்ங்கற மாதிரி. இப்ப எல்லார் கண்ணையும் உறுத்தற அளவுக்கு மோசமான தப்புக்குத்தான் சொல்வாங்க. மெட்டிகுலஸ் அதுக்கு நேர் எதிரா நல்ல பக்கம் வந்த வார்த்தை. வேர்ல இருக்கிறது பயம், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல அதுக்குப் பயந்த சுபாவம்னே அர்த்தம் இருந்திருக்கு, எங்க தப்பாயிடுமோன்னு பயந்து பயந்து செய்யறவர் கடைசியில எதையும் விட்டுடாம செய்யறவர் ஆயிட்டார். இந்த வார்த்தைக்கு லிஸ்ட்ல 'மிக நுணுக்கமான'ன்னு இருக்கும். நான் என் நோட்டுல எழுதி வெச்சிருக்கிறது 'பார்த்துப் பார்த்து செய்யறது'. சொல்லிப் பாருங்க, எவ்ளோ கச்சிதமா உக்காருதுன்னு.

அதனால நான் வேரைக் கேட்டுக்குவேன், தீர்ப்பு அது கொடுக்காது. தீர்ப்பு இன்னிக்கு எழுதறவங்க அதை எப்டி எழுதறாங்கங்கறதுலதான் இருக்கு. அதுக்கு நல்ல வாக்கியம் கிடைக்கிற அகராதி வேணும். கோபில்ட்னு 1987ல ஒரு அகராதி வந்துச்சு, அதுல அர்த்தத்தையே முழு வாக்கியமா எழுதியிருப்பாங்க, யார் யாரைப் பார்த்து எப்ப இப்டிச் சொல்வாங்கன்னு அந்த வாக்கியத்துலயே தெரிஞ்சுடும். இங்கிலீஷ் படிக்கிறவங்களுக்குன்னே செஞ்ச அகராதி எதுவா இருந்தாலும் சரி, அதுல வாக்கியத்தைப் படிச்சுட்டு அப்புறமா தமிழுக்கு வாங்க.

தமிழுக்கு வரவே கூடாதுன்னு சிலர் சொல்வாங்க, இங்கிலீஷை இங்கிலீஷ்லயே யோசிக்கணும், தமிழ் அர்த்தம் குறுக்க வரும்னு. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. குறுக்க வர்றது அகராதித் தமிழ், வீட்டுல பேசற தமிழ் குறுக்க வரவே வராது, அது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். ஒல்லியா இருக்கிறதுக்கு இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தைன்னு எண்ணிப் பாருங்க, தின், ஸ்லிம், ஸ்லெண்டர், ஸ்கின்னி, லாங்கி, ஸ்க்ரானி, காண்ட், இமேசியேட்டட். லிஸ்ட்ல எல்லாத்துக்கும் நேரா 'மெலிந்த'. நம்மகிட்ட வேற வார்த்தையே இல்லாத மாதிரி. ஸ்லெண்டர்னா கொடி மாதிரி, ஒடிசலான, அழகுங்கறது அதுக்குள்ளயே இருக்கு. லாங்கின்னா நெடுநெடுன்னு வளர்ந்து கை கால் எல்லாம் நீட்டமா தொங்கற உடம்பு. ஸ்க்ரானி நம்ம நோஞ்சான், கொஞ்சம் கேவலமா சொல்றது. காண்ட்னா கன்னம் ஒட்டி கண்ணு உள்ள போயி, பசியோ நோயோ கவலையோ ஒண்ணு அந்த முகத்துல தெரியும். இமேசியேட்டட்னா எலும்பும் தோலுமா, அதைக் கேட்டா பார்க்கறவங்களுக்கு வயிறு கலங்கணும். ஒரு பொண்ணைப் பார்த்து ஸ்லெண்டர்னு சொன்னா சந்தோஷப்படுவா, ஸ்க்ரானின்னு சொன்னா அழுவா. மெலிந்த, மெலிந்த, மெலிந்தன்னு படிச்சவருக்கு இது எப்டித் தெரியும்? நொட்டோரியஸ்ல நான் பண்ணினதும் இதேதான்.

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சூடு இருக்கு, ஒரு இடம் இருக்கு. தமிழ்ல செத்துட்டார், இறந்துட்டார், தவறிட்டார், காலமானார், இயற்கை எய்தினார், எதை எங்க சொல்லணும்னு நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, ஆனா இடம் மாத்திச் சொன்னா உடனே காதுல உறுத்தும். இங்கிலீஷ்ல அந்த உறுத்தல் நமக்கு வர்றதில்ல, அதனால அதைத் தெரிஞ்சுதான் வெச்சுக்கணும். 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு ஆட்சியில இருந்தவங்க பேச்சு பிரெஞ்சு, மடத்துலயும் படிப்புலயும் லத்தீன், ஜனங்க வாயில பழைய இங்கிலீஷ். மூணும் கலந்து ஒரே விஷயத்துக்கு மூணு மாடி வந்துடுச்சு. ஆஸ்க் தரைத்தளம், க்வெஸ்சன் அதுக்கு மேல, இன்டராகேட் உச்சி. கேள், கேள்வி கேள், விசாரணை நடத்துன்னு வெச்சுக்கலாம். மேல ஏறறதுக்கு ரைஸ், மவுன்ட், அசெண்ட். பயத்துக்கு ஃபியர், டெரர், ட்ரெபிடேஷன். வொக்காபுலரி படிக்கிறவங்க நிறைய பேர் எப்பவும் மேல்மாடியிலயே நிக்கணும்னு நெனைக்கிறாங்க, ஃபிரெண்டுகிட்ட ஒரு விஷயம் கேக்கறதுக்குக் கூட என்க்வயர் போடறாங்க. படிக்கிறப்ப புரிஞ்சுக்க ஒன்பதாயிரம் வேணும், எழுதறப்ப அதுல எது அந்த இடத்துக்கு வேணுமோ அது போதும், பெரும்பாலும் அது தரைத்தளத்து வார்த்தையாத்தான் இருக்கும்.

துணை வார்த்தையும் அப்டித்தான். நாம பலத்த மழைம்போம், பலத்த காத்தும்போம், பலத்த வெயில்னு சொல்ல மாட்டோம், கடும் வெயில்தான். ஏன்னு கேட்டா பதில் இல்ல. இங்கிலீஷ்ல மழைக்கு ஹெவி, காத்துக்கு ஸ்ட்ராங். அதனால ஸ்கேதிங்னு, சுடற மாதிரி கடுமையானதுங்கற வார்த்தை படிச்சா கூடவே க்ரிட்டிசிசம் சேர்த்துத்தான் எழுதி வெச்சுக்குவேன், படுமோசமான நிலையைச் சொல்ற அப்ஜெக்ட்னா பாவர்ட்டி சேர்த்து. ஜோடியாவே படிச்சா ஜோடியாவே வாயில வரும்.

ஒரு வார்த்தையைப் பத்தி தனியா சொல்லணும். அட்வான்ஸ்டு லிஸ்ட் எல்லாத்துலயும் 'பரையா'ன்னு ஒண்ணு வரும், ஒதுக்கப்பட்டவர்னு அர்த்தம் போட்டிருப்பாங்க, சர்வதேச செய்தியில ஒரு நாட்டை மத்த நாடுகள் ஒதுக்கினா இந்த வார்த்தையைத்தான் சாதாரணமா எழுதுவாங்க. அது நம்ம மொழியிலேர்ந்து போனது. பறை அடிச்ச மக்களோட பேர். ஒரு சமூகத்தோட பேரையே எடுத்து ஒதுக்கி வைக்கப்பட்டவன்னு உலகம் முழுக்க அர்த்தம் ஆக்கி வெச்சிருக்காங்க, அதை நாமளும் மார்க்குக்காக மனப்பாடம் பண்றோம். எனக்கு இது தெரிய வந்தப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. படிக்கிறப்ப வந்தா புரிஞ்சுக்கணும், அதனால அர்த்தம் தெரிஞ்சு வெச்சிருக்கேன். எழுத மாட்டேன். அந்த இடத்துல அவுட்காஸ்ட் கூட எழுத மாட்டேன், அதுலயும் சிலருக்கு சாதி காதுல விழும், ஒதுக்கினாங்கன்னு நேரா எழுதிட்டுப் போயிடுவேன். வார்த்தையோட அர்த்தம் தேடறதுன்னா இதுவும் சேர்த்துதான்னு நெனைக்கிறேன்.

ஞாபகத்துல எப்டி வெச்சுக்கறதுங்கறதுக்குப் புதுசா சொல்ல எதுவும் இல்ல. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லயே தன்மேலயே சோதனை பண்ணி, அர்த்தம் இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணினா முதல் நாளே பெரும்பகுதி மறந்துடுதுன்னு காட்டிட்டார். நாம லிஸ்ட்டை அர்த்தம் இல்லாத அசை மாதிரிதானே படிக்கிறோம், அப்ப மறக்காம என்ன செய்யும். இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தா நிக்கும். செபாஸ்டியன் லைட்னர் 1972ல சொன்ன அட்டைப்பெட்டி முறை அதுக்குத்தான், தெரிஞ்ச அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை அடிக்கடி பார்க்க வேண்டாம், தெரியாதது முதல் பெட்டிக்கே திரும்பி வரும். இப்ப வர்ற ஆப் எல்லாம் அதே யோசனைதான். ஆப்ல செய்ங்க, அட்டையில செய்ங்க, எது வேணா. ஆனா அட்டைக்குப் பின்பக்கம் என்ன எழுதறீங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

பழைய காலத்துல நிகண்டுன்னு இருந்துச்சே, அதுவும் லிஸ்ட்தான், ஆனா செய்யுளா இருக்கும், பெரும்பாலும் அகரவரிசையில இருக்காது. தெய்வப் பேர் ஒரு தொகுதி, மக்கள் பேர் ஒரு தொகுதி, விலங்கு, மரம்னு பொருளை வெச்சுப் பிரிச்சிருப்பாங்க. ரோஜே 1852ல தெசாரஸ்னு ஒத்த அர்த்தச் சொற்களோட தொகுப்பு போட்டப்ப அவரும் அகரவரிசையை விட்டுட்டுப் பொருள் வாரியாத்தான் அடுக்கினார். நானும் என் நோட்டுல ஏ, பி, சின்னு அடுக்கறதை நிறுத்திட்டேன். பிடிக்கு ஒரு பக்கம், பார்வைக்கு ஒரு பக்கம், ஒல்லிக்கு ஒரு பக்கம், கோபத்துக்கு மட்டும் நாலு பக்கம் ஆயிடுச்சு. ஒரு வார்த்தை எழுதறேன்னா முதல்ல அதை எங்க படிச்சேனோ அந்த வாக்கியம் முழுசா. அதுக்குக் கீழ உள்ள இருக்கிற படம், தெரிஞ்சா. அதுக்குக் கீழ வீட்டுத் தமிழ்ல ஒரு தொடர், அகராதிச் சொல் கூடாதுன்னு எனக்கு நானே போட்டுக்கிட்ட விதி. கடைசியா அந்த வாரம் உண்மையிலயே நடந்த ஒரு விஷயத்தை வெச்சு நானே ஒரு இங்கிலீஷ் வாக்கியம். ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல முடியாது, பல நாள் ஒண்ணுதான். முன்னாடி பத்து பத்தா படிச்சேன், அதுல இன்னிக்கு என்கிட்ட இருக்கிறது ரொம்பக் கம்மி. இந்த ஒண்ணு ரெண்டுல எதுவுமே போகல.

சில வார்த்தைக்கு அந்த மூணாவது வரி மாசக்கணக்கா காலியா கிடக்கும். இப்ப ரெட்டிசன்ட் அப்டிக் கிடக்கு. வேர் அமைதியா இருக்கிறது, டேசிடர்னுக்கும் அதே வேர்தான், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. டேசிடர்ன் சுபாவமே பேச்சு கம்மி, கேட்டா ஒரு வார்த்தை. அதுக்கு 'வாயைப் பிடுங்கணும்'னு எழுதிட்டேன், சரியாத்தான் இருக்கு. லக்கானிக் வேற, கிரீஸ்ல ஸ்பார்ட்டா இருந்த லகோனியாங்கற பகுதியோட பேர்லேர்ந்து வந்தது, பேசினா ரெண்டே வார்த்தை, ஆனா அதுல முழு விஷயமும் வந்துடும், அதுக்கு 'வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு'ன்னு எழுதி அப்புறம் அடிச்சுட்டு 'ரத்தினச் சுருக்கம்'னு மாத்தினேன், முதல்ல எழுதினதுல கடுமை ஜாஸ்தியா இருந்துச்சு. ரெட்டிசன்ட்டுக்குத்தான் மாட்ட மாட்டேங்குது. ஊர்க்கதை எல்லாம் பேசுவார், தன்னைப் பத்தி, தன் மனசுல இருக்கிறதைப் பத்தி மட்டும் வெளிய விட மாட்டார், அந்த ஆள்தான் ரெட்டிசன்ட். போன வாரம் அம்மாகிட்ட கேட்டேன், அப்டிப்பட்டவரை என்னன்னும்மா சொல்வீங்கன்னு. "பிடி கொடுக்காம பேசறவர்"னு சொன்னாங்க. பிடி பக்கத்துல போய்ச் சேர வேண்டியது ஆச்சேன்னு ஆசையா எழுதப் போனேன், எழுதறதுக்கு முன்னாடி நாலு வாக்கியம் தேடிப் பார்த்தேன், இல்ல, அது நான்கமிட்டல், கேட்ட கேள்விக்கு ஆமான்னும் சொல்லாம இல்லன்னும் சொல்லாம நழுவறது. ரெட்டிசன்ட் நழுவறவர் இல்ல, கூச்சமோ மரியாதையோ ஏதோ ஒண்ணு அவர் வாயை மூடி வெச்சிருக்கு. 'அமுக்கமான ஆளு'ன்னு அம்மா ரெண்டாவதா சொன்னாங்க. கிட்ட வந்துடுச்சு, ஆனா அமுக்கம்ல உள்ள ஏதோ திட்டம் வெச்சிருக்கார்ங்கற சந்தேகம் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, ரெட்டிசன்ட்ல அது கிடையாது. பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன். நான்கமிட்டலைப் பிடி பக்கத்துல பேனாவுலயே எழுதிட்டேன்.